அழகு கருதி அகற்றப்பட்ட பகுதி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு சற்று ஓய்வெடுத்துக்கொண்டு புரத மடிப்பு உயராய்வு நிறுவனத்தைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் யார் கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்றாவதில் அந்தக் குறை கிடையாது. அதன் இயக்குநருடைய படம் வரவேற்பறையிலும், மாடிப்படித் திருப்பத்திலும், லிஃப்டுக்கு உள்ளேயும் மாட்டப்பட்டிருந்தது. லிஃப்ட் பழுதாகி நடுவழியில் நின்றால் உள்ளே அகப்பட்டவர்கள் தனிமையில் வாடக்கூடாது என்ற கருணைதான் காரணம்.

இப்பேர்ப்பட்ட இடத்தில் மடிப்பம்மா வேலை பார்த்தாள். அது அவள் பெயரல்ல. 'புரதங்கள் மடியும் விதத்தைக் கணினியில் கணித்தல்' என்று நியமன ஆணையில் இருந்ததைப் படித்த சம்பளப் பிரிவு எழுத்தர், 'மடித்தல்' வரைக்கும் புரிந்துகொண்டு, அவளைச் சலவைப் பிரிவில் சேர்த்துவிட்டார். முதல் வாரம் முழுக்க அவள் மேசைமேல் யார் யாரோ கசங்கிய ஆய்வகக் கோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிரிவு பிற்பாடு திருத்தப்பட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலை தற்காலிகம். ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் மாதத்தில் அவளுக்குச் சோறு இறங்காது. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் "வேலை பர்மனென்ட்டா?" என்று கேட்பார்கள். அவள் தொண்டையைச் செருமுவாள். அந்தச் செருமலிலேயே வீடு கைநழுவிப் போகும். இந்த ஆண்டு வரவிருந்த மதிப்பீட்டுக் குழு ஒரே ஒரு பணியிடத்தை நிரந்தரமாக்கலாம் என்று பேச்சு கிளம்பியிருந்தது. அந்த ஒன்று தன்னுடையதாக வேண்டும். இதைத் தவிர மடிப்பம்மாவுக்கு இந்த உலகத்திடம் கோரிக்கை எதுவும் இல்லை.

இயக்குநருக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. அவருடைய ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தான் இல்லாத நிறுவனத்தை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. மற்றவர்கள் கற்பனை செய்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். பணி நீட்டிப்பையும் அதே குழுதான் தீர்மானிக்க வேண்டும்.

நிறுவனத்துக்கென்று சொந்தமாக ஒரு புரதம் உண்டு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவில் கிடைத்தது. வேறு எங்கும் அந்த பாக்டீரியா கிடையாது. ஏனென்றால் வேறு எங்கும் தொட்டியை அத்தனை காலம் கழுவாமல் விட்டதில்லை. பராமரிப்புத் துறையின் பொறுமைக்குக் கிடைத்த இந்தப் பரிசை 'நம் புரதம்' என்று இயக்குநர் உருக்கமாக அழைப்பார். அதன் உருவம் என்ன என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்து, வெண்கலத்தில் வார்த்து, குழு வரும் நாளில் வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிவித்தார். அறிவியல் வரலாற்றில் விடைக்கு முன்பே சிலைக்கு ஆர்டர் கொடுத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

புரதம் எப்படி உருவம் பெறுகிறது என்பதை விளக்கப் பெரும் படிப்பு தேவையில்லை. அது மணி கோத்த ஒரு நீளமான சங்கிலி. மணிகளில் இருபது வகை. சில வகைக்குத் தண்ணீர் ஆகாது. அவை முண்டியடித்துக்கொண்டு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். தண்ணீரோடு ஒட்டி உறவாடுகிறவை வெளியே நிற்கும். மின்னூட்டம் உள்ளவை எதிர்வகையைக் கண்டால் இழுபடும், தம் வகையைக் கண்டால் விலகும். போதாததற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒன்று: தனியாக எடுத்தால் ஊதினால் போய்விடும், வரிசையாகச் சேர்ந்தால் அசைக்க முடியாது. இத்தனை இழுபறியும் தீர்ந்து சங்கிலி எப்படிச் சுருண்டு அடங்குகிறதோ அதுவே புரதத்தின் உருவம்.

இது புரியாதவர்கள் நிறுவனத்தின் கூட்ட அரங்கத்தைப் பார்க்கலாம். இயக்குநர் நுழைந்ததுமே அவர் பார்வை ஆகாதவர்கள் தூணுக்குப் பின்னால் போய்த் திரண்டுகொள்வார்கள். ஆகிறவர்கள் முன்வரிசையில் முகம் காட்டுவார்கள். ஒரே பதவி உயர்வுக்கு மனுப் போட்ட இருவர் எதிரெதிர் மூலைக்குப் போய்விடுவார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் ஒவ்வொரு திங்களன்றும் அதே உருவம்.

இதையே கணினி வேறு வழியில் செய்கிறது. உருவம் ஏற்கெனவே தெரிந்த புரதங்களைக் கணக்கில்லாமல் பார்த்துப் பார்த்துப் பழகிய கணிப்பு மாதிரி, அதாவது 'மாடல்', ஒன்று இருக்கிறது. புதுச் சங்கிலியின் மணிவரிசையைக் கொடுத்தால், 'இது இப்படித்தான் மடியும்' என்று படம் போட்டுவிடும். அதோடு, பெரிய பதவியில் இருப்பவர்களிடம் காண முடியாத ஒரு வழக்கமும் அதற்கு உண்டு: தனக்கு நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்று ஒப்புக்கொள்ளும். நிச்சயமான இடத்தை நீலத்தில் காட்டும், நிச்சயமில்லாத இடத்தை ஆரஞ்சில் காட்டும். இந்தக் குணத்தை முன்னிட்டு அதற்கு நிர்வாகப் பொறுப்பு எதுவும் தரப்படவில்லை.

மடிப்பம்மா புரதத்தின் மணிவரிசையைக் குளிரறை அண்ணனிடமிருந்து வாங்கினாள். பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, புரதத்தைப் பிரித்தெடுக்கும் வேலை அவருடையது. கோடையிலும் ஸ்வெட்டரோடு நடமாடுவார். அவர் அனுப்பிய வரிசையை அவள் மாதிரிக்குள் போட்டாள். திரையில் ஒரு படம் வந்தது. ஒரு பக்கம் கச்சிதமான பீப்பாய் போல, அடர்நீலத்தில், கண்ணை எடுக்க முடியாத அழகு. அதன் அடியிலிருந்து நீளமாக ஓர் ஆரஞ்சு நூல் எங்கெங்கோ அலைந்து முடிந்தது.

அன்று மாலை மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கூடவே இருக்கும் நாத்தனார், ஏ.சி. கம்பெனியின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்க வசவு வாங்கிவிட்டு வந்தவள், தோள்வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன அண்ணி, டப்பா நல்லா இருக்கு, நூல்கண்டு பிரிஞ்சு போச்சே?"

"அதான் எங்க புரதம்."

"எது, டப்பாவா நூலா?"

"ரெண்டும் சேர்ந்துதான்," என்றாள் மடிப்பம்மா. சொன்ன பிறகு ஏதோ நெருடியது. நாத்தனார் அதற்குள் டீ போடப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை படம் பெரிய திரையில் ஏறியது. முன்வரிசை, இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு வியந்தது. இயக்குநர் ஆரஞ்சு நூலைச் சுட்டிக்காட்டி அது என்ன என்றார். கணினிக்கு அந்த இடத்தில் நிச்சயம் இல்லை என்று மடிப்பம்மா விளக்கினாள்.

"நிச்சயம் இல்லைன்னா? நம்ம நிறுவனத்துல அப்படி ஒண்ணு இருக்கலாமாம்மா?"

மக்கள் தொடர்பு அதிகாரி எழுந்து, அந்த நூல் பிய்ந்த பனியன் மாதிரித் தொங்குவது தனக்கும் உறுத்துவதாகச் சொன்னார். அவர் அறிவியல் படித்தவரில்லை, அவர் வேலையும் தற்காலிகம்தான். ஆனால் முன்வரிசையில் நடுநாற்காலி அவருடையது.

"சார், அது சங்கிலியில பாதிக்கு மேல இருக்கு," என்றாள் மடிப்பம்மா.

"மீதி இருக்கே, அது போதும். நமக்குத் தேவை உறுதி. உறுதியானதை வெச்சுக்கலாம்."

'ஆரஞ்சுப் பகுதி அழகு கருதி அகற்றப்படுகிறது' என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தூணுக்குப் பின்னாலிருந்துகூட யாரும் இருமவில்லை. மடிப்பம்மா நிரந்தரப் பணியிடத்தை ஒரு முறை நினைத்துக்கொண்டாள், வாடகை வீட்டுக்காரர்களை ஒரு முறை நினைத்துக்கொண்டாள், பிறகு சுட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். நூல் மறைந்தது. அரங்கம் கைதட்டியது.

வார்ப்புக்காரர் அளவெடுக்க வந்தார். திரையில் பீப்பாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடியில் ஒரு குட்டிமுனை நீட்டிக்கொண்டு இருக்கிறதே, அது எங்கே போகிறது என்று கேட்டார். எங்கும் போகவில்லை என்று மக்கள் தொடர்பு அதிகாரி பதில் சொன்னார். எங்கும் போகாத முனையைத் தன் தொழிலில் தான் பார்த்ததில்லை என்றார் வார்ப்புக்காரர். அராவித் தேய்த்துவிடச் சொன்னார்கள்.

வெட்டிய நூல் மடிப்பம்மாவை விடவில்லை. சாப்பிடும்போது தட்டில் கிடந்தது, படுத்தால் கண்ணுக்குள் நெளிந்தது. கடைசியில் அதை மட்டும் தனியாக எடுத்து, இன்னொரு வகை மாதிரியில் ஓடவிட்டாள். இது பழைய பாணி: பார்த்துப் பழகிய ஞாபகம் எதுவும் இதற்குக் கிடையாது. ஒவ்வோர் அணுவையும் எது இழுக்கிறது, எது தள்ளுகிறது என்று கணக்குப் போட்டு, துளித்துளியாக நகர்த்திப் பார்க்கும். நூல் அடங்கவே இல்லை. தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஓடக்கூடிய மணிகள் அதில் மிகக் குறைவு. ஒரே வகை மின்னூட்டம் நிறைய இருந்ததால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருந்தன. திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நெளிவு.

பிறகு பக்கத்தில் வேறொரு மூலக்கூறை வைத்துப் பார்த்தாள். நூல் சட்டென்று அதைச் சுற்றிச் சுருள் சுருளாக மடிந்து கம்பீரமாக நின்றது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். இப்போது பட்டையாக விரிந்து அதற்கு ஏற்ற வடிவம் எடுத்தது. எதையும் வைக்காவிட்டால் பழையபடி அலைச்சல். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணினி தடுமாறவில்லை. உருவமில்லாததை உருவமில்லை என்றுதான் அது சொல்லியிருந்தது.

அப்படியானால் அந்த நீலப் பீப்பாய்?

குளிரறைக்கு ஓடினாள். மூச்சு புகையாக வந்தது. சங்கிலியின் முதல் பாதி என்ன என்று கேட்டாள்.

"அது கைப்பிடிம்மா," என்றார் அண்ணன், குழாய்களை அடுக்கிக்கொண்டே.

"என்ன கைப்பிடி?"

"நம்ம புரதம் தனியா நிக்காதும்மா. பிரிச்செடுக்கப் போனா கட்டிதட்டிப் போகுது, இல்லேன்னா சிதைஞ்சு போகுது. அதனால அதோட தலையில இந்தக் கைப்பிடிப் புரதத்தைத் தைச்சு விடறது. எல்லா ஆய்வகத்துலயும் இதைத்தான் தைக்கறாங்க. யாரோ ஒரு பேராசிரியர் ஆயுசு முழுக்க உட்கார்ந்து செஞ்சது. கடையிலயே கிடைக்கும்."

"வரிசை அனுப்பறப்ப வெட்டிட்டு அனுப்பக்கூடாதாண்ணா?"

"வெட்டணும்னு யாரும் சொல்லலையேம்மா."

இதில் யாரைக் குறை சொல்வது. அவர் கைப்பிடியோடு அனுப்பினார். அவள் கேட்காமல் போட்டாள். மாதிரி இரண்டையும் பிரித்து நிறம் காட்டியது. நிறுவனம் தன் புரதத்தை முழுசாக வெட்டி எறிந்துவிட்டு, எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் கைப்பிடிக்கு வெண்கலத்தில் சிலை வைக்கப்போகிறது.

மடிப்பம்மா நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பது அவருடைய புகழ்பெற்ற குணங்களில் ஒன்று. அந்த நேரத்தில் அவர் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருப்பார்.

"வார்ப்பு முடிஞ்சிருச்சும்மா," என்றார் கடைசியில்.

"ஆனா அது நம்ம புரதம் இல்ல சார்."

"அறிவியலைத் திருத்திக்கலாம். வெண்கலத்தைத் திருத்த முடியுமா?" நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்களை நிரந்தரமாக்கணும்னு குழுகிட்ட நானே சொல்றதா இருக்கேன். புரதத்துக்கு உருவம் கொடுத்தவங்கன்னு சொல்லட்டுமா, உருவமே இல்லாம பண்ணினவங்கன்னு சொல்லட்டுமா?"

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது, மாடிப்படித் திருப்பத்தில் இன்னொரு இயக்குநர் படச் சட்டத்துக்குள்ளிருந்து புன்னகைத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் ஒரு வீடு கிடைக்கும் என்று கணவர் மெதுவாகச் சொன்னார். சொன்ன கையோடு தலை குனிந்துகொண்டார். நாத்தனார்தான், புகார்ப் பிரிவு அனுபவத்தில், ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பேராசிரியர் யாருன்னு விசாரிச்சீங்களா?"

விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தோன்றவும் இல்லை.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் ஒல்லியான, வயதான பேராசிரியர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையும் பார்க்கிற வழக்கமுள்ளவர். அவர் கையாலேயே திரையை விலக்கச் சொன்னார்கள். விலக்கினார். வெயிலில் பீப்பாய் தகதகத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது என்னோட கைப்பிடியாச்சே."

மடிப்பம்மா தரையைப் பார்த்தாள். ஒரு சாதாரண மனிதர் இந்த இடத்தில் மயங்கி விழுந்திருப்பார், அல்லது உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பார். இயக்குநர் சாதாரண மனிதரல்ல. ஒரே ஒரு மூச்சு இழுத்தார்.

"ஆமா சார். உங்களைக் கௌரவிக்கணும்னு முதல் நாள்லேருந்து எனக்கு ஒரு ஆசை."

மக்கள் தொடர்பு அதிகாரி கைதட்டினார். முன்வரிசை தொடர்ந்தது. பேராசிரியரின் கண்கள் கலங்கின. கைப்பிடியை எல்லாரும் உபயோகிப்பார்கள், வேலை முடிந்ததும் வெட்டி எறிவார்கள், அதற்கு ஒரு சிலை வைக்க யாருக்கும் தோன்றியதில்லை என்று தழுதழுத்தார். பிறகு, நல்ல மனிதராகையால், ஒரு கேள்வியும் கேட்டார்.

"அது சரி, இது பிடிச்சிட்டு இருந்த உங்க புரதம் எங்க?"

இயக்குநரின் பார்வை மடிப்பம்மாவின் மேல் விழுந்தது. அதில் நிரந்தரப் பணியிடம் முழுசாக இருந்தது.

"வெட்டிட்டோம் ஐயா," என்றாள் அவள். "அதுக்கு உருவம் கிடையாது. தனியா விட்டா நூல் மாதிரி அலையுது. யார் வந்து பிடிக்கறாங்களோ அவங்களுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சுக்குது. வேற ஆள் வந்து பிடிச்சா வேற மாதிரி."

பேராசிரியர் தலையைச் சாய்த்தார். "அதுக்குன்னு சொந்தமா எதுவுமே இல்லையா?"

மடிப்பம்மா நிமிர்ந்தாள். பேராசிரியருக்குப் பக்கத்தில் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். எப்போது கட்டினாரோ, அவர் கைகளும் பின்னால் கட்டியிருந்தன, அவர் தலையும் அதே பக்கம் சாய்ந்திருந்தது.

"இல்லீங்க ஐயா. ஆனா நல்லா வேலை செய்யுது."

"பிரமாதமான விஷயமாச்சே," என்றார் பேராசிரியர்.

"அதைத்தான் சார் நாங்க ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டு வர்றோம்," என்றார் இயக்குநர்.

குழுவின் அறிக்கை வந்தது. 'எந்நிலையிலும் மாறாத உறுதி'க்காக இயக்குநருக்குப் பணி நீட்டிப்பு கிடைத்தது. நிரந்தரப் பணியிடம், இயக்குநரின் சிறப்புப் பரிந்துரைப்படி, மக்கள் தொடர்பு அதிகாரிக்குப் போனது. உறுத்தலை முதலில் உணர்ந்தவர் என்ற முறையில். மடிப்பம்மாவின் பணி வழக்கம்போல் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. அவள் முடிவுகளில் 'நிச்சயமின்மை மிகுதி' என்று இயக்குநர் குறிப்பு எழுதியிருந்தார். அவளும் ஆரஞ்சு நிறம்தான்.

அந்த வாரமே இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சிலைக்குக் கீழே கல்வெட்டு பதிக்க வேண்டும். பேராசிரியர் மறுபடி வருகிறார். அவரைப் புகழ வேண்டும், நிறுவனத்தைச் சொல்ல வேண்டும், தன்னையும் மறந்துவிடக்கூடாது. விஷயம் தெரிந்தவள் என்பதால் வாசகத்தை அவளே எழுதட்டும்.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு ஒரு வாசகம் எழுதினாள். நாத்தனார் வாங்கிப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள்.

"திட்டி எழுதினா ஒவ்வொரு எழுத்தா படிப்பாங்க அண்ணி. தினம் பார்க்கறேனே. புகழ்ற மாதிரி எழுதுங்க. படிக்காமலே சந்தோஷப்படுவாங்க."

மறுநாள் மடிப்பம்மா கொண்டுபோய்க் கொடுத்த காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'இங்கே உறுதியாக நிற்பது விருந்தினர் ஆக்கியது. இந்நிறுவனத்துக்கே உரியது உருவமற்றது. பிடிக்கும் கைக்கேற்ப வளைவது. அது இயக்குநரின் ஆணைப்படி, அழகு கருதி அகற்றப்பட்டது.'

இயக்குநர் படித்தார். நாத்தனாரின் கணக்குத் தப்பிவிட்டதோ என்று அவள் நினைத்தாள்.

"'பிடிக்கும் கைக்கேற்ப வளைவது'. பணிவு நல்லா வந்திருக்கும்மா," என்றார். பிறகு நெற்றி சுருங்கியது. "கடைசி வரிதான் இடிக்குது. என் பேர் வர்ற இடத்துல 'அகற்றப்பட்டது'ன்னு வரலாமா? நீட்டிப்பு வாங்கின கையோட?"

பேனாவைத் திறந்தார். கடைசி வரியை அழகு கருதி அகற்றினார். தன் கையெழுத்திலேயே வேறொரு வரி எழுதி, இப்போது சரியாக இருக்கிறதா என்று கேட்டார். மடிப்பம்மா இரண்டு முறை படித்தாள். இதைவிடச் சரியாகத் தன்னால் எழுதியிருக்க முடியாது என்று சொன்னாள். அந்த நிறுவனத்தில் அவள் மனதாரச் சொன்ன முதல் பாராட்டு அது.

கல்வெட்டு இன்றும் வாசலில் இருக்கிறது. அதைத் திறந்த விழாவன்று இயக்குநரே ஒலிபெருக்கியில் கணீரென்று வாசித்தார். கைதட்டல் ஓயாததால் கடைசி வரியை மறுபடியும் வாசித்தார். தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்கள்கூட அன்று முன்னால் வந்து கைதட்டினார்கள்.

'இங்கே உறுதியாக நிற்பது விருந்தினர் ஆக்கியது. இந்நிறுவனத்துக்கே உரியது உருவமற்றது. பிடிக்கும் கைக்கேற்ப வளைவது. அது பணி நீட்டிப்புப் பெற்று, இயக்குநர் அறையிலிருந்து தொடர்ந்து இயங்கி வருகிறது.'